ஸ்காட்லாந்துப் பிரபு வம்சமா? சரிபார்ப்பது எப்படி

"எங்கள் பூட்டனார் ஒரு டியூக்கின் இளைய மகன். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்துவிட்டார்." ஸ்காட்லாந்து வேர் உள்ள குடும்பங்களில் இந்தக் கதை சகஜம். டியூக் என்பது பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம். உண்மையா என்று பார்க்க வேண்டுமானால் டியூக்கிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். உங்களிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள்.

முதலில் வீட்டிலுள்ள சான்றிதழ்கள், பழைய பைபிளில் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். பாட்டி சொன்னதையும் எழுதுங்கள், ஆனால் தனித்தாளில்.

அப்புறம் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசுத் தளத்தில் கணக்கு தொடங்குங்கள். தேடுவது இலவசம், பதிவின் படத்தைப் பார்க்கத்தான் பணம். ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு கட்டாயம். இறப்புப் பதிவிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. இறந்தவரின் அப்பா பெயர், தொழில், அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தகவல் கொடுத்தவர் யார் என்றும் பாருங்கள். மகன் என்றால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பெற்றோர் பெயரே தவறாக இருக்கலாம். 1855-இல் பதிவான பிறப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மற்ற பிள்ளைகள் பற்றியெல்லாம் கேட்டு எழுதினார்கள். வேலை அதிகம் என்று அடுத்த வருஷமே குறைத்துவிட்டார்கள்.

1855-க்கு முன்னால் சர்ச் பதிவேடுகள்தான். மிகப் பழையது எரோல் ஊரின் 1553-ஆம் வருஷத்துப் பதிவேடு. பல ஊர்களில் அதற்கு வெகுகாலம் கழித்தே தொடங்குகிறது, நடுவே இடைவெளியும் உண்டு. பெருமைக் கதைகள் பெரும்பாலும் இங்கேதான் ஒட்டவைக்கப்படுகின்றன. மேற்கு ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதி டியூக்குகளின் குடும்பப்பெயர் கேம்பெல். அந்தப் பக்கம் ஜான் கேம்பெல் என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் ஆளின் வயதுக்கு ஒத்துவரும் ஜான்கள் மூன்று பேர் இருந்தால், அதில் கோட்டையில் பிறந்தவனைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் மூவரையும் பின்தொடருங்கள். ஒருவன் குழந்தையிலேயே இறந்திருக்கலாம், இன்னொருவன் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேறு மனைவியோடு இருக்கலாம். கோட்டை ஜானை 1904 முதல் 1914 வரை ஒன்பது தொகுதிகளாக வந்த 'தி ஸ்காட்ஸ் பீரேஜ்' என்ற பிரபு வம்சாவளி நூலில் தேடுங்கள். பிரபுவின் உயிலையும் பாருங்கள்: அந்தக் காலத்தில் நிலம் மூத்தவனுக்கே போனாலும் அசையும் சொத்தில் மற்ற பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தது.

'முறைப்படி பிறக்காத பிள்ளை, அதனால்தான் பதிவு இல்லை' என்றும் சொல்வார்கள். அதற்கும் வழி இருக்கிறது. சர்ச் மூப்பர்கள் தாயை அழைத்து அப்பா யார் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிவைத்த குறிப்பேடுகள் பல ஊர்களில் மிஞ்சியிருக்கின்றன.

குடும்பப்பெயர் மட்டும் சான்றாகாது. கிளான் என்ற குலக்கூட்டத்தின் தலைவரின் பெயரை அவருடைய குடியானவர்களும் வைத்துக்கொண்டார்கள். கடையில் விற்கும் குலச்சின்னக் கோப்பையும் அப்படித்தான். ஸ்காட்லாந்துச் சட்டப்படி சின்னம் தனி ஒருவருக்கு உரியது, குடும்பப்பெயருக்கு அல்ல. எடின்பரோவில் குலச்சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றம் 1672-இல் தொடங்கிய பதிவேட்டை இன்றும் பராமரிக்கிறது. யாருக்குச் சின்னம் கொடுத்தார்கள் என்று அதில் பார்த்துவிடலாம்.