பவுண்டா, கிலோவா? எடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி மாற்றிய மறுநாள் எடை மெஷினில் ஏறி நின்றால் 150 காட்டுகிறதா? பதற வேண்டாம். அடியில் இருக்கும் சின்ன பொத்தான் பவுண்டுக்கு மாறியிருக்கும். 68 கிலோ ஆளுக்கு 150 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். சந்தேகமே வராத எண்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

10 கிலோ குழந்தைக்குப் பவுண்டில் 22 வரும். சீட்டில் வெறும் 22 என்று எழுதிவிட்டால், அடுத்துப் பார்ப்பவர் 22 கிலோ என்றே எடுத்துக்கொள்வார். அந்த எடையிலும் குழந்தைகள் இருக்கிறார்களே! கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பாராசிட்டமால் கணக்குப் போட்டால், 150 மில்லிகிராம் கொடுக்க வேண்டிய குழந்தைக்கு 330 போய்விடும். மருந்துக்கு என்றால் கிலோவிலேயே எடை பார்த்து, 'கிலோ' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொரு தவறு, பெருக்கும் எண் எந்த அலகுக்கானது என்று பார்க்காமல் விடுவது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. டாங்கில் இருந்த லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண்; கிலோவில் என்றால் லிட்டருக்குச் சுமார் 0.8 தான். வழியில் ஒட்டாவாவில் மறுபடி சரிபார்த்தார்கள், அதே 1.77-ஐ வைத்து! பெருக்கலில் பிழை இல்லை, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. பாதிக்கும் குறைவான எரிபொருளோடு பறந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களும் நடுவானில் நின்றுபோயின. கிம்லியில் இருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தில் விமானி அதைச் சறுக்கியபடியே இறக்கினார். நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள்.

அவுன்ஸ் இருக்கிறதே, அது தனி வம்பு. சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம், தங்கம், வெள்ளிக்கான டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். திரவ அவுன்ஸோ எடையே இல்லை, கொள்ளளவு. 8 திரவ அவுன்ஸ் பிடிக்கும் கோப்பையில் மாவை நிரப்பிவிட்டு 8 அவுன்ஸ் மாவு என்று நினைத்தால், கிட்டத்தட்ட பாதிதான் இருக்கும்.

டன்னும் ஒன்றல்ல: மெட்ரிக் டன் 1,000 கிலோ, அமெரிக்க டன் சுமார் 907, பழைய பிரிட்டிஷ் டன் சுமார் 1,016.

சரி, மனக்கணக்காகச் சரிபார்க்க ஒரு வழி: பவுண்டைப் பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 150-க்கு 75, அதில் 7.5 போனால் 67.5 கிலோ. உண்மையில் 68.04. மருந்துக்கும் தங்கத்துக்கும் இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே பவுண்டை 0.4536-ஆல் பெருக்குங்கள். ஆனால் டிராய் பவுண்டு என்றால் அதுவும் செல்லாது. அதற்கு 12 டிராய் அவுன்ஸ்தான், 373 கிராம்.