‘டக்’ சத்தத்தை நம்பாதீர்கள்: வியூ கேமராவை நேராக்கும் வழி

4×5 அங்குல வியூ கேமராவில் லென்ஸ் முன்சட்டத்தில், ஃபிலிம் பின்சட்டத்தில், நடுவே துருத்தி. இரண்டு சட்டமும் சாயும், திரும்பும். இரண்டும் இணையாக நிற்கும் பூஜ்ய நிலைக்கு வரும்போது ‘டக்’கென்று ஓரிடத்தில் உட்காரும். கீழே விழுந்த, தேய்ந்த, யாரோ கழற்றி மாட்டிய கேமராவில் அந்த ‘டக்’ பொய் சொல்லும். மடக்கு மரக் கேமராக்கள் பலவற்றில் அதுகூட இருக்காது.

1 டிகிரி பிசகு பெரிய விஷயமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபிலிமில் படம் விழும் உயரம் சுமார் 95 மி.மீ. 1 டிகிரி சாய்ந்தால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் நடுவிலிருந்து 0.8 மி.மீ. அளவுக்கு முன்னும் பின்னுமாக விலகும். 0.1 மி.மீ. மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால், லென்ஸ் அகலமாகத் திறந்த எஃப் 5.6-ல் தாங்கும் விலகல் 0.56 மி.மீ.தான். திறப்பு சின்னதான எஃப் 22-லோ 2.2 மி.மீ. வரை தாங்கும். எஃப் 22-லேயே படம் எடுப்பவர்களுக்குத் தங்கள் கேமரா கோணல் என்பது தெரியாமலே போவது இதனால்தான். ஆகவே ஃபோகஸைச் சோதிக்கும்போதெல்லாம் லென்ஸை முழுதாகத் திறந்தே வையுங்கள்.

தேவையானவை: ரசமட்டம், ஆழம் அளக்கும் கம்பி உள்ள வெர்னியர் காலிப்பர், லூப் (சின்ன உருப்பெருக்கி), இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள்.

படி 1: பின்சட்டம்

எல்லா அசைவுகளையும் பூஜ்யத்தில் வைத்துப் பூட்டுங்கள். சட்டங்கள் நிற்கும் கேமராவின் தண்டவாளத்தை ரசமட்டம் பார்த்துக் கிடையாக்குங்கள். பிறகு பின்சட்டம் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். முதலில் பின்பக்கம், அதை வைத்து முன்பக்கம். இந்த வரிசையை மாற்றினால் இரண்டையும் மாறி மாறித் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

படி 2: கண்ணாடிச் சோதனை

சட்டங்களின் நான்கு மூலைகளிலும் இடைவெளியை அளந்தால் பெரிய கோணல் பிடிபடும். சின்னதைப் பிடிக்க இரண்டு கண்ணாடி வேண்டும். ஒன்றை லென்ஸ் போர்டு (லென்ஸைத் தாங்கும் பலகை) அளவுக்கு வெட்டி, போர்டு உட்காரும் இடத்தில் மாட்டுங்கள். பளபளப்பு பின்பக்கம் பார்க்கட்டும். இன்னொன்று ஃபிலிம் ஹோல்டர் (ஃபிலிம் ஷீட்டை வைக்கும் தட்டை உறை) உட்காரும் சட்டத்தை மூடும் அளவுக்கு வேண்டும். அதன் நடுவில் ரசத்தை 5 மி.மீ. அளவுக்குச் சுரண்டி ஓட்டை போல ஆக்கி, சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். கிரவுண்ட் கிளாஸ் (ஃபோகஸ் பார்க்க உதவும் சொரசொரப்பான கண்ணாடி) சட்டத்தைக் கழற்றிவிட்டு, பளபளப்பு முன்பக்கம் பார்க்க அதை அங்கே பொருத்துங்கள். துருத்தியைக் கழற்ற முடிந்தால் வெளிச்சத்துக்கு நல்லது.

ஓட்டை வழியே பாருங்கள். கண்ணாடிகளுக்கிடையே திரும்பத் திரும்பப் பிரதிபலிக்கும் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நேரே போனால் சட்டங்கள் இணையாக இருக்கின்றன. ஒரு பக்கமாக வளைந்து ஓடினால் கோணல். ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் பிசகு பெருகிக்கொண்டே போவதால் காலிப்பருக்குச் சிக்காததும் இதில் தெரிந்துவிடும்.

வளைவு மேலோ கீழோ என்றால் முன்சட்டத்தின் டில்ட் (சாய்வு) பூட்டையும், பக்கவாட்டில் என்றால் ஸ்விங் (திருப்பு) பூட்டையும் தளர்த்துங்கள். வட்டங்கள் நேராகும்வரை மெல்ல நகர்த்திப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு மறுபடி பார்க்கவும், திருகை இறுக்குவதே சட்டத்தை இழுத்துவிடும். புதிய பூஜ்யத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். க்ளிக் பொறியைப் பிரித்து மேய்வது ஆரம்பநிலைக்காரர் வேலை அல்ல என்பது என் கருத்து.

படி 3: லென்ஸ் போர்டு

கண்ணாடிகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டுங்கள். தட்டையான சுவரில் செய்தித்தாள் ஒட்டி, நடுவில் சின்னக் கண்ணாடி வையுங்கள். லென்ஸின் பிரதிபலிப்பு கிரவுண்ட் கிளாஸின் நடுவில் விழுந்தால் கேமரா சுவருக்கு நேர். இப்போது நான்கு மூலைகளையும் லூப் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மங்கலா? சதுர போர்டு என்றால் 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள். மங்கல் எதிர் மூலைக்குப் போனால் குற்றம் போர்டிலோ லென்ஸிலோ. அங்கேயே நின்றால் சட்டத்தில்.

படி 4: கிரவுண்ட் கிளாஸ் ஆழம்

இது இணைநிலையோடு சேர்த்துக் குழப்பப்படும் வேறு நோய். 4×5 ஹோல்டரின் ஆழத்துக்கான தர அளவு 0.197 அங்குலம், அதாவது 5 மி.மீ. ஃபிலிமின் தடிமன் சுமார் 0.18 மி.மீ. போக மீதி ஏறக்குறைய 4.8. ஹோல்டரில் வீணான ஃபிலிம் ஒன்றைப் போட்டு, மேலே இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து ஆழம் அளங்கள். அதே ஸ்கேலைப் பின்சட்டத்தில் வைத்துக் கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம்வரை அளங்கள். அந்தப் பக்கம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கிளாஸின் ஆழம் குறைவென்றால் அடியில் தாள் பட்டை வையுங்கள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. கூடுதலென்றால், ஏற்கெனவே யாராவது பட்டை வைத்திருக்கிறார்களா என்று தேடி எடுங்கள். கிளாஸுக்கு முன்னால் ஃப்ரெஸ்னெல் தகடு (படத்தை ஓரங்களிலும் பிரகாசமாகக் காட்டும் வரிவரியான தகடு) இருந்தால் தொடாதீர்கள். அது ஃபோகஸைத் தள்ளும், அதைக் கணக்கில் கொண்டே சில கேமராக்கள் செய்யப்பட்டிருக்கின்றன.

படி 5: ஒரு ஃபிலிம்

அதே சுவரை முழுத் திறப்பில் ஒரு ஷீட் எடுங்கள். கிளாஸில் கூர்மை, ஃபிலிமில் முழுக்க மங்கல் என்றால் படி 4. இரண்டிலும் ஒரே ஓரம் மங்கல் என்றால் படி 2. ஃபிலிமில் மட்டும் ஓர் ஓரம் மங்கினால், வேறொரு ஹோல்டரில் இன்னொரு ஷீட்டைப் போட்டு எடுத்துப் பாருங்கள்.