சிறுநீரகக் கல்: முதல் முறை வந்தவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் சங்ககிரி பைபாஸ் டீக்கடையில் ஒரு டிரைவர் தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் கல். "வலி போயிடுச்சுண்ணே, கல்லும் போயிருக்கும்" என்றான். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன்.

30 முதல் 60 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்குத்தான் இது அதிகம். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வருஷத்துக்குள் மறுபடியும் வரும். லாரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வண்டியை நிறுத்தச் சோம்பல்பட்டுத் தண்ணீரையே குறைத்துக்கொள்வோம்.

கல்லைத் தூக்கிப் போடுவது

என் முதல் கல் ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறையில் விழுந்தது. கொத்தமல்லி விதையில் பாதி இருக்கும், பழுப்பு நிறம். சனியன் ஒழிந்தது என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஊரெல்லாம் வைத்தியர்கள். தக்காளி விதைதான் கல்லாகிறது என்றார் ஒருவர், பாலும் தயிரும் ஆகாது என்றார் இன்னொருவர். மூன்று வருஷம் தக்காளி இல்லாத ரசம், மோர் இல்லாத சாப்பாடு. ஆனால் லோடு இறக்கிய ராத்திரிகளில் ஈரல் வறுவலும் பீரும் உண்டு. பீர் கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கை வேறு!

நாலாம் வருஷம் இரண்டாவது கல். இந்த முறை டாக்டர், டீ வடிகட்டியில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார். சோதித்தால் யூரிக் அமிலக் கல். பெரும்பாலானவர்களுக்கு வருவது கால்சியம் ஆக்சலேட். என்னுடையது வேறு ரகம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. ஈரலும் பீரும்தான் யூரிக் அமிலத்தை ஏற்றுபவை. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் இந்தக் கல் மருந்திலேயே கரையும். டாக்டர் பொட்டாசியம் சிட்ரேட் எழுதிக் கொடுத்தார். முதல் கல்லையே எடுத்து வைத்திருந்தால் இரண்டாவதைத் தடுத்திருக்கலாம். அந்த மூன்று வருஷ ரசத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

கால்சியம் கல்காரர்களும் தயிரை நிறுத்தத் தேவையில்லை. சாப்பாட்டோடு சேரும் கால்சியம், உணவில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துவிடும். குறைக்க வேண்டியது உப்பை.

வலி நின்றதும் ஸ்கேனை விடுவது

கல் குழாயை அடைத்துக்கொண்டே வலியில்லாமல் கிடக்கும். சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கும்.

குளிர்காய்ச்சலோடு காத்திருப்பது

கூடாது. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

குடித்த பாட்டிலை எண்ணுவது

கணக்கு வெளியே போவதில்தான்: நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர். சித்திரை வெயிலில் கேபினில் குடிப்பதில் பாதி வியர்வையாகவே போய்விடும். நான் நிறத்தைப் பார்ப்பேன். மஞ்சள் தட்டினால் அடுத்த டோல்கேட்டுக்குள் ஒரு பாட்டில் காலி.