கிரெடிட் கார்டு பாயின்ட்டில் பயணம்: சேர்ப்பதும் செலவழிப்பதும்

கிரெடிட் கார்டு விற்க வருபவர்கள் எத்தனை ரூபாய்க்கு எத்தனை பாயின்ட் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. பாயின்ட்டை எங்கே செலவழிக்கிறோமோ அங்கேதான் அதன் மதிப்பு முடிவாகிறது. எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பாயின்ட்டைப் பில் தொகையில் கழித்துக்கொள்பவருக்கு 30 காசு கிடைக்கிறது. அதே பாயின்ட்டை அந்த வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட்டுக்கோ ஹோட்டல் அறைக்கோ கொடுப்பவருக்கு ஒரு ரூபாய் கிடைக்கிறது. இருவரும் ஒரே கார்டை, ஒரே அளவுக்குத் தேய்த்தவர்கள்தான். ஆகவே எங்கே, எத்தனை பேராக, எந்த மாதத்தில் போகப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கு எந்தக் கார்டின் பாயின்ட் பயன்படும் என்று பிறகு தேடுவதே முறை.

அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை உண்டு. மாதாமாதம் பில்லை முழுமையாகக் கட்ட இயலாதவர்கள் பாயின்ட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்தியக் கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீத வட்டி என்பது சாதாரணம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 50,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 1,750 ரூபாய், வரி 315 ரூபாய், ஆக 2,065 ரூபாய். 150 ரூபாய்க்கு 5 பாயின்ட் தரும் இன்ஃபினியா போன்ற உயர்ரகக் கார்டில்கூட அதே 50,000 ரூபாய்ச் செலவுக்குக் கிடைப்பது 1,665 பாயின்ட்தான். ஒரே மாதத்தில் கணக்கு நட்டத்துக்குப் போய்விடுகிறது. இந்த வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 'குறைந்தபட்சத் தொகை' என்று பில்லில் அச்சிட்டிருப்பதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கழியுமாறு ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. சம்பள நாளுக்கும் பில் தேதிக்கும் ஒத்துவராவிட்டால், பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே சொல்கிறது.

சேர்க்கும் வழி

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாதச் செலவை வரி வரியாக எழுதிப் பாருங்கள்: மளிகை, பெட்ரோல், மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், வீட்டு வாடகை, ஆன்லைனில் வாங்கும் துணிமணி. இவை அத்தனைக்கும் ஒரே அளவில் பாயின்ட் கிடைக்கும் என்று நினைத்துத்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகள் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதோடு சரி, பாயின்ட் தருவதில்லை. வாடகை, வாலெட்டில் பணம் ஏற்றுதல், அரசுக்குக் கட்டும் தொகை, தவணையாக மாற்றிக்கொண்ட கொள்முதல் ஆகியவை பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். வாடகைக்கு இதோடு தனிக் கட்டணமும் வாங்குவார்கள். காப்பீட்டுக்கும் மின்கட்டணம் போன்றவற்றுக்கும் பாயின்ட் கிடைத்தாலும் மாத உச்சவரம்பு இருக்கக்கூடும். விண்ணப்பிக்கும் முன் அந்த வங்கியின் விதிமுறை ஆவணத்தில் விலக்குப் பட்டியலைத் தேடிப் படித்து, நம் செலவில் எது மிஞ்சுகிறது என்று பார்த்தால், விளம்பரத்தில் சொன்ன பாயின்ட்டில் பாதிகூடத் தேறாத வீடுகள் உண்டு.

சிறு தொகைகளில் இன்னொரு கழிவு ஒளிந்திருக்கிறது. 150 ரூபாய்க்கு 5 பாயின்ட் என்றால், ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தனித்தனியாக 150ஆல் வகுத்து மீதியை விட்டுவிடுகிறார்கள் என்று பொருள். 140 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் ஒன்றும் வராது. 290 ரூபாய்க்கு வாங்கினால் 150 ரூபாய்க்கு உரியதுதான் வரும். தினமும் சிறிது சிறிதாக வாங்குவதை வாரம் ஒரு முறை மொத்தமாக வாங்கினால் இந்த இழப்பு குறையும். அதற்காக முருங்கைக்காயைப் பத்து நாளைக்குச் சேர்த்து வாங்கி வாட விடுவதில் அர்த்தம் இல்லை.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயுடன் இணைக்கும் வசதி 2022இல் வந்தபிறகு, கார்டு இயந்திரம் இல்லாத அண்ணாச்சி கடையிலும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து கிரெடிட் கார்டில் செலுத்த முடிகிறது. வணிகர்களுக்குச் செலுத்த மட்டுமே இது செல்லும். தனிநபருக்குப் பணம் அனுப்ப இயலாது. யுபிஐ வழிச் செலவுக்கு முழு அளவில் பாயின்ட் தருகிறார்களா என்பது கார்டுக்குக் கார்டு வேறுபடும்.

உண்மையான வேகம் வங்கியின் சொந்தத் தளத்தில் இருக்கிறது. அங்கே விமானம், ஹோட்டல், பரிசு வவுச்சர் ஆகியவற்றை வாங்கினால் சில கார்டுகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு பாயின்ட் தருகின்றன. நாம் எப்படியும் வாங்கப்போகும் மளிகைக்கும் துணிக்கும் அந்தந்தக் கடையின் வவுச்சரை அங்கே வாங்கி, கடையில் அதைக் கொடுத்துவிட்டால், அதே செலவுக்குப் பாயின்ட் கூடுகிறது. வவுச்சருக்கு மாத உச்சவரம்பும், சில நேரம் சேவைக் கட்டணமும் இருக்கும் என்பதையும், தேவைக்கு மேல் வாங்கிய வவுச்சர் காலாவதியானால் அது முழு நட்டம் என்பதையும் மறக்கக் கூடாது. மனைவிக்கோ பெற்றோருக்கோ கூடுதல் கார்டு எடுத்துக் கொடுத்தால் அவர்கள் செய்யும் செலவின் பாயின்ட் பொதுவாக முதன்மைக் கார்டின் கணக்கிலேயே சேரும். சிதறிக் கிடக்கும் நான்கு கணக்கைவிட ஒரே கணக்கில் திரண்ட பாயின்ட்டில்தான் டிக்கெட் கிடைக்கும்.

வெளிநாட்டில் கார்டைத் தேய்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதம், வரியோடு 4.13 சதவீதம் ஆகிறது. இரண்டு சதவீதப் பாயின்ட்டுக்காக நான்கு சதவீதத்தை இழக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டணம் குறைவாக உள்ள கார்டு ஒன்றைப் பயணத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வகைப் பாயின்ட்

செலவழிக்கும் வழியை வைத்துப் பாயின்ட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். முதல் வகைக்கு ரூபாய் மதிப்பு நிலையானது. வங்கித் தளத்தில் விற்பனைக்கு இருக்கும் எந்த விமானத்தின் எந்த இருக்கையையும் அதைக் கொண்டு வாங்கலாம். முன்சொன்ன இன்ஃபினியாவில் டிக்கெட் விலையில் 70 சதவீதம் வரை பாயின்ட்டாகவும் மீதியைக் கார்டிலும் கட்ட வேண்டும். ரயிலிலேயே போய்வருபவர்களுக்கும் இந்த வகையில் வழி உண்டு: ஐஆர்சிடிசியுடன் சேர்ந்து எஸ்பிஐ வெளியிடும் கார்டில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய், குளிர்சாதன வகுப்பு டிக்கெட்டுகளை ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தால் பத்து சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்பி வருகிறது. மாதம் இருமுறை சென்னைக்கும் நெல்லைக்கும் போய்வரும் ஒருவருக்கு விமான நிறுவனங்கள் தரும் பாயின்ட்டான மைல்களைவிட இதுவே உபயோகமானது என்பது என் எண்ணம்.

இரண்டாவது வகை, விமான நிறுவனத்தின் மைல்களாகவோ ஹோட்டல் குழுமத்தின் பாயின்ட்டுகளாகவோ மாற்றக்கூடியது. இதற்கு நிலையான விலை கிடையாது. ஆக்சிஸ் வங்கியின் அட்லஸ் கார்டில் சேரும் பாயின்ட்டான எட்ஜ் மைல் ஒன்று, பெரும்பாலான கூட்டாளி நிறுவனங்களில் இரண்டு மைலாக மாறும். ஆனால் ஓர் ஆண்டில் எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. மைல்களைக் கொண்டு எல்லா இருக்கையையும் வாங்க முடியாது. அதற்கென நிறுவனம் ஒதுக்கிய இருக்கைகள் மட்டுமே கிடைக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மே மாத விடுமுறைக்கும் அவை அரிதாகவே இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயண நாளுக்கு 355 நாள் முன்பே பதிவைத் திறக்கிறது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் அப்போதே பார்க்கத் தொடங்க வேண்டும்.

எது லாபம் என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். அதே விமானத்துக்குப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று பார்த்து, மைல் டிக்கெட்டுக்கும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியை அதிலிருந்து கழித்து, மீதியைத் தேவைப்படும் மைல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கணக்குக்காக, சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வர எகானமி டிக்கெட் 24,000 ரூபாய், மைல் டிக்கெட்டுக்கு வரி 6,000 ரூபாய், தேவை 40,000 மைல் என்று வைத்துக்கொள்வோம். 18,000 ரூபாயை 40,000ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 45 காசு. ஸ்மார்ட்பையில் ஒரு ரூபாய் பெறும் பாயின்ட்டை ஒன்றுக்கு ஒன்றாக மைலாக மாற்றி இந்த டிக்கெட்டை எடுத்தவர் பாதிக்கு மேல் இழந்திருக்கிறார். அதே தடத்தில் பிசினஸ் வகுப்பு 90,000 ரூபாய், வரி 8,000 ரூபாய், தேவை 80,000 மைல் என்றால் ஒரு மைலுக்கு ஒரு ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் நம் பணத்தில் 90,000 ரூபாய் கொடுத்து அந்த இருக்கையில் ஒருபோதும் உட்கார மாட்டோம் என்றால், அந்த ஒரு ரூபாயும் காகிதத்தில் உள்ள மதிப்புதான். 'ஒரு பாயின்ட்டுக்கு மூன்று ரூபாய் எடுத்தேன்' என்று சிலர் பெருமைப்படுவதை இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

வரி என்று சொன்னதற்குள் எரிபொருள் கூடுதல் கட்டணமும் புகுந்துகொள்ளும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளுக்கு இதை 2017இல் நீக்கிவிட்டது. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸில் அதன் மைல்களான ஏவியோஸ் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கு இந்தக் கட்டணம் கணிசமானது. மைல் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், கட்டணப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

ஹோட்டல்களில் அக்கார் குழுமத்தின் கணக்கு எளிது: 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ தள்ளுபடி, எந்த ஊரானாலும். நோவோடெல், ஐபிஸ் எல்லாம் இந்தக் குழுமம்தான். மேரியட்டில் தேவைப்படும் பாயின்ட் நாளுக்கு நாள் மாறும்; தொடர்ந்து ஐந்து இரவு பாயின்ட்டில் தங்கினால் ஓர் இரவுக்குப் பாயின்ட் கொடுக்க வேண்டியதில்லை. நான்கு நாள் திட்டத்தை ஐந்தாக நீட்ட முடிகிறவர்களுக்கு இது நல்ல சலுகை.

பதிவு செய்யும் வரிசை

வங்கிப் பாயின்ட்டை மைலாக மாற்றிவிட்டால் திரும்ப மாற்ற முடியாது. எனவே விமான நிறுவனத்தின் தளத்தில் நமக்கு வேண்டிய நாளில் இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். சில மாற்றங்கள் உடனே நடக்கும், சிலவற்றுக்குச் சில நாள் ஆகும். அதற்குள் இருக்கை போய்விடும் அபாயத்தை ஏற்க மனம் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையரின் மைல்கள் 36 மாதத்தில் காலாவதியாகும் என்பதால், எப்போதாவது உதவும் என்று முன்கூட்டியே மாற்றி வைப்பதிலும் பயன் இல்லை.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வங்கியில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு இருப்போம். பாஸ்போர்ட்டில் அது முழுப்பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். விமான நிறுவனத்தின் உறுப்பினர் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே தொடங்க வேண்டும். வங்கியில் உள்ள பெயர் அதோடு பொருந்தாவிட்டால் மைல் மாற்றம் நிராகரிக்கப்படலாம். ஆகவே பாயின்ட் சேரத் தொடங்கும் காலத்திலேயே வங்கிப் பதிவைத் திருத்திக்கொள்வது நல்லது. பெற்றோருக்கு நம் மைலில் டிக்கெட் எடுக்க வேண்டுமானால், கிரிஸ்ஃப்ளையரில் அவர்களை நியமனதாரர்களாகச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அந்தப் பெயர்களையும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே எழுத வேண்டும்.

வங்கித் தளத்தில் எடுப்பவர்கள் அதே விமானத்தின் விலையை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் ஒப்பிட வேண்டும். வங்கித் தளத்தில் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தால், ஒரு ரூபாய்ப் பாயின்ட்டின் உண்மையான மதிப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. தேதி மாற்றம், ரத்து என்று வந்தால் விமான நிறுவனம் நம்மை வங்கித் தளத்திடமே திருப்பி அனுப்பும். பயணம் உறுதியாகாதவர்கள் இந்த வழியைத் தவிர்க்கலாம்.

பாயின்ட்டை நெடுங்காலம் பூட்டி வைக்கக் கூடாது. வங்கிகளும் விமான நிறுவனங்களும் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவது வாடிக்கை. திட்டங்களே மாறுவதும் உண்டு. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவில் இணைந்தபோது கிளப் விஸ்தாரா பாயின்ட்டுகள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாறின. எந்தத் தடத்துக்காகச் சேர்த்தார்களோ அதன் கணக்கை உறுப்பினர்கள் மறுபடி போட வேண்டியதாயிற்று. ஓராண்டுக்குள் போகும் பயணத்துக்குச் சேர்ப்பதே போதும்.

'உங்கள் பாயின்ட் இன்றோடு காலாவதி' என்று வரும் குறுஞ்செய்தியையும், அதனுடன் இணைத்து அனுப்பப்படும் ஏபிகே கோப்பையும் (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) தொடவே கூடாது. எஸ்பிஐ பெயரில் இப்படிப் பரவிய போலிச் செய்திகளைப் பற்றி மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவே எச்சரித்திருக்கிறது. பாயின்ட் இருப்பை வங்கியின் செயலியில் நாமே திறந்து பார்க்கலாம்.

ஆண்டுக் கட்டணம் வரும் மாதத்துக்கு முன்பாக, கடந்த பன்னிரண்டு மாதத்தில் பாயின்ட் மூலம் உண்மையில் மிச்சமானது எவ்வளவு என்று பாருங்கள். அது கட்டணத்தையும் அதன்மேல் வரும் 18 சதவீத வரியையும் தாண்டவில்லை என்றால், பாயின்ட்டை முழுவதும் செலவழித்துவிட்டோ மைலாக மாற்றிவிட்டோ கார்டை மூடக் கேட்கலாம். நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மூடிய பிறகு அந்தக் கணக்கில் எஞ்சிய பாயின்ட்டைப் பெரும்பாலும் மீட்க முடியாது.