அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வருடமும் மே, ஜூனில் சேர்க்கை வேலையில் உட்காரும்போது கேட்கிற கதைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. அண்ணனுக்குச் செய்த அதே தவறைத் தம்பிக்கும் செய்துவிட்டு வந்து நிற்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனது தாங்கவில்லை. தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்திருக்கிற, சேர்க்கப்போகிற பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையைத் தினமும் அனுப்புங்கள், செல்போனைப் பிடுங்கி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

ஃபீஸ் இல்லையென்றால் அரசுப் பள்ளி என்று நினைப்பது

அரசுப் பள்ளி வேறு, அரசு உதவிபெறும் பள்ளி வேறு. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, பாடப்புத்தகமும் சத்துணவும் கிடைக்கின்றன, ஆனால் நடத்துவது ஒரு தனியார் நிர்வாகம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது, பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்குப் போகும்போதுதான் தெரியும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதேசமயம் மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி இவை எல்லாமே இந்த ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். சந்தேகம் இருந்தால் சேர்க்கும் அன்றே தலைமையாசிரியரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் "ஃப்ரீ சீட்" என்று தனியார் பள்ளிக்கு மாற்றுவது

இதைத்தான் நான் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் இதில் போகிற நஷ்டம் ஈடுகட்ட முடியாதது.

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும். 500-க்கு 450-ஐத் தாண்டிய பிள்ளைகளின் வீட்டுக்கு அன்றைக்கே போன் வரத் தொடங்கிவிடும். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. "உங்க பொண்ணுக்கு ஃபீஸே வேண்டாம், எங்க ஸ்கூல்ல சேருங்க, நீட் கோச்சிங்கும் சேர்த்துத் தர்றோம்" என்பார்கள். கூலி வேலைக்குப் போகிற அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதையாகத் தெரியும் என்று எனக்குப் புரிகிறது. அவரைக் குறை சொல்லவே மாட்டேன். எரிச்சல் எல்லாம், அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அந்தப் போனில் பேசுகிறவர் ஒரு வார்த்தை கூடச் சொல்வதில்லை என்பதுதான்.

அவர் விட்டுக்கொடுப்பது இது. 2020-ல் கொண்டுவந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி இடங்களில் 7.5 சதவீதம் தனியாக உண்டு. நீதியரசர் கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், 2022-ல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய், பையனாக இருந்தால் 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய். எல்லாவற்றிலும் அந்த "ஆறு முதல் பன்னிரண்டு வரை" இருக்கிறது. (பின்னால் சொன்ன இரண்டிலும் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வருவார்கள். 7.5-ல் வரமாட்டார்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அந்த ஏழு வகுப்பில் கடைசி இரண்டை வெளியே படித்தால், முதல் ஐந்துக்கு இந்தக் கணக்கில் மதிப்பே கிடையாது.

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒரு பெண், பத்தாவதில் 480-க்கு மேல். அவள் அப்பா லோடு ஏற்றி இறக்குகிறவர். டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்க வந்தபோது நானும் வகுப்பாசிரியரும் மாறிமாறிச் சொன்னோம். "இல்ல டீச்சர், ஃபீஸ் வேண்டாம்னுட்டாங்க, விட மனசு வரல" என்றார். ஃபீஸ் வாங்கவில்லைதான். ஹாஸ்டல், மெஸ், மெட்டீரியல், ஸ்பெஷல் கிளாஸ் என்று வேறு வேறு பெயரில் வாங்கினார்கள். இரண்டாம் வருடம் வீட்டில் இருந்த நகை அடகுக்குப் போனது. அந்தப் பெண் நன்றாகத்தான் படித்தாள், நீட்டில் தகுதியும் பெற்றாள். ஆனால் பொதுவான போட்டியில் அந்த மதிப்பெண்ணுக்கு அரசு இடம் எட்டவில்லை, தனியார் கல்லூரியில் நிர்வாக இடத்துக்குப் போகிற வசதி அவர்களுக்கு எங்கே?

ஒருநாள் அவர் மறுபடி பள்ளிக்கு வந்தார். 7.5-க்கு விண்ணப்பிக்க ஒரு படிவம் உண்டு, ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வகுப்பாக எந்த ஆண்டு, எந்தப் பள்ளி என்று வரிசையாக நிரப்பித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதை அவரே பேனாவால் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். ஐந்து வரியில் எங்கள் பள்ளியின் பெயர், கீழே இரண்டு வரி வெறுமையாக. "அஞ்சு வருஷம் இங்கதானே டீச்சர் படிச்சா, அதுக்கு மட்டுமாவது போட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். என்ன போட்டுக் கொடுப்பது? அதே செட்டில் படித்து எங்களிடமே பிளஸ் டூ முடித்த ஒரு பையன், நீட்டில் இவளைவிடக் குறைவு, அந்த வருடம் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். இதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

சரி, எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு ஆசிரியர் போதவில்லை, நாங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேறு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுங்கள், பக்கத்து ஊருக்கே போகட்டும், தகுதி எதுவும் போகாது. மாவட்டத்துக்கு ஒன்றாக அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன, தங்கிப் படிக்கலாம், உயர்கல்விப் போட்டித் தேர்வுகளுக்குத் தனிக் கவனம் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் விசாரித்த பிறகும் தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தால் அது உங்கள் உரிமை. ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போங்கள். போனில் பேசுகிறவரிடம் "7.5 போயிடுமே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

நடுவில் இரண்டு வருடம் போய்விட்டுத் திரும்புவது

மேலே சொன்னதேதான். ஏழாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளிக்குப் போய், கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வந்தாலும் தொடர்ச்சி அறுந்ததுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் 7.5-ல் விலக்கு உண்டு. அந்த இடத்தில் சேர்ந்ததற்கான ஆவணங்களைத் தொலைக்காமல் வையுங்கள்.

பயிற்று மொழியை யோசிக்காமல் மாற்றுவது

ஒரே அரசுப் பள்ளிக்குள் தமிழ் வழியும் ஆங்கில வழியும் இருக்கும். ஆறாம் வகுப்பில் "இங்கிலீஷ் மீடியம் போட்டுடுங்க" என்பது பெற்றோர் பலருக்கும் ஒரு வார்த்தைதான். மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். பிள்ளை பின்னால் அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வு எழுதப் போனால் ஆறாம் வகுப்பில் சொன்ன அந்த ஒரு வார்த்தை நினைவுக்கு வரும். ஆங்கில வழி தப்பு என்று நான் சொல்லவில்லை, ஐந்து வருடம் தமிழ் வழியில் படித்த பிள்ளையை எந்தத் தேவையும் இல்லாமல் மாற்றுவதைத்தான் சொல்கிறேன்.

சிநேகிதன் எடுத்த குரூப்பை எடுப்பது

பிளஸ் ஒன்னில் கணிதம் இல்லாத தூய அறிவியல் எடுத்துவிட்டு, பிளஸ் டூ முடித்ததும் இன்ஜினியரிங் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலான பொறியியல் பிரிவுகளுக்குக் கணிதம் வேண்டும். இதை ஜூன் மாதத்திலேயே கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கிற குரூப் எல்லாப் பள்ளியிலும் இருக்காது, அதனால் முதலில் குரூப்பை முடிவு செய்யுங்கள், அப்புறம் பள்ளியைத் தேடுங்கள். தொழிற்கல்விப் பிரிவை மார்க் குறைந்தவர்களுக்கானது என்று ஒதுக்குகிறார்கள், அதுவும் தப்பு. பொறியியல் சேர்க்கையில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

பெயர்ப் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

பத்தாம் வகுப்பில் நாமினல் ரோல் சரிபார்க்கக் கொடுப்பார்கள். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியல், பிறந்த தேதி, பெற்றோர் பெயர். வீட்டுக்கு எடுத்துப் போய், ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அப்போது திருத்துவது ஐந்து நிமிட வேலை. சான்றிதழ் அச்சாகி வந்தபிறகு அதே ஒரு எழுத்துக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டும்.

பிளஸ் ஒன்னில் பொதுத்தேர்வு இல்லை என்று ஓய்வெடுப்பது

2017-18-ல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பாரம் குறைந்தது, நல்லது. ஆனால் நீட், ஐஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடம் அப்படியே இருக்கிறது.

பத்தாவதில் ஒரு பாடம் போனதும் வேலைக்கு அனுப்புவது

வேண்டாம். உடனே துணைத்தேர்வு வரும், அதில் தேறினால் அந்த வருடமே பிளஸ் ஒன்.

தேர்வுச் சலுகையை மார்ச்சில் போய்க் கேட்பது

கற்றல் குறைபாடு, பார்வைக் குறைபாடு, காது கேளாமை, கை செயல்படாமை இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போக வேண்டும். "வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று மறைத்து வைத்துவிட்டு, மாதிரித் தேர்வில் பிள்ளை பேப்பர் முடிக்க முடியாமல் அழுதபிறகு ஓடி வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டார்.

டிசி கிடைக்கவில்லை என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பது

கட்டண பாக்கிக்காகத் தனியார் பள்ளி டிசியை நிறுத்தி வைக்கக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை டிசி இல்லாமலே அரசுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி எமிஸ் எண்ணை (கல்வித் துறை இணையத்தில் பிள்ளைக்கு இருக்கிற பதிவு எண்) விடுவிக்கவில்லை என்றாலும் பிள்ளையோடு வந்துவிடுங்கள், அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பேசாமல் இருப்பது

முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் தலைமையாசிரியர், அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் காலியிடம் போன்ற பொதுப் பிரச்சினை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள், அதன் தலைவரே ஒரு பெற்றோர்தான், தீர்மானமாக எழுதிப் போட்டால் மேலே போகும். பள்ளியில் சொல்ல முடியாத விஷயம் என்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் பிள்ளையே போன் செய்யலாம். பிள்ளைக்குத் துன்பம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த இரண்டு எண்ணும் உங்கள் பிள்ளையின் பாடப்புத்தக அட்டையிலாவது எழுதி இருக்கட்டும்.

என்எம்எம்எஸ் பணம் தானாக வரும் என்று இருப்பது

என்எம்எம்எஸ் என்பது மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுகிற இந்தத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வான பிறகும் ஒவ்வொரு வருடமும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைத்து, உயிரோடு இருக்க வேண்டும். பணம் வராத பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தால் பாதிப் பேருக்குக் கணக்கு முடங்கிக் கிடக்கும், அல்லது ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் இன்னொரு பெயரும் இருக்கும். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு நடை வங்கிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.