மாடிப்படி பல்பை அணைத்ததால் எரிந்த மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் தன் புது வீட்டைச் சுற்றிக் காட்டினான். பல்பு, பிளக், கதவு சென்சார் என்று ஜிக்பீ (வைஃபை இல்லாமல் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்ளும் முறை) சாதனங்கள் மட்டும் 23. ஆப்பைத் திறந்தால் அதில் ஆறு தொடர்பு அறுந்து சாம்பல் நிறத்தில் கிடந்தன. "அடிக்கடி இப்படி ஆகுதுண்ணா, திரும்பத் திரும்ப சேர்த்துக்கிட்டே இருக்கேன்" என்றான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்யக்கூடாதவை என்று அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். பாஸ்வேர்டு வலுவாக இருக்கட்டும், வைஃபை சாதனத்தை 2.4 கிகாஹெர்ட்ஸில் சேருங்கள் என்பதெல்லாம் பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவிட்சில் அணைகிற பல்பை நம்பி வலையைக் கட்டுவது

ஜிக்பீயில் எல்லாச் சாதனமும் ஹப்போடு, அதாவது எல்லாவற்றையும் இயக்கும் நடுப்பெட்டியோடு, நேராகப் பேசுவதில்லை. எப்போதும் கரண்டில் இருக்கும் பல்பும் பிளக்கும் நடுவில் நின்று செய்தியை வாங்கிக் கைமாற்றிவிடும். அவைதான் ஜிக்பீயின் ரூட்டர், வைஃபை ரூட்டர் வேறு. பேட்டரி சென்சார் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். விழித்தால் தனக்கென்று பிடித்துவைத்த ஒரே ரூட்டரிடம் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அந்த ரூட்டர் காணாமல் போனால் வேறொன்றைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விலை குறைந்த சென்சார்கள் பல உடனே தேடுவதில்லை, சில தேடுவதே இல்லை.

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் போட்டிருந்தேன். அதன் இரண்டு ஒயரையும் ஒரு கதவு சென்சாரைப் பிரித்து உள்ளே பற்றவைத்தேன். தொட்டி குறைந்தால் கதவு திறந்ததாகவும், நிறைந்தால் மூடியதாகவும் செய்தி வரும். சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் 1 எச்பி மோட்டார் அதைப் பார்த்து ஓடும், நிற்கும். ஆர்சிசி தளத்தின் கம்பியையும் கான்கிரீட்டையும் தாண்டி ஹப்புக்கு நேராக சிக்னல் எட்டாது. மாடிப்படி பல்பு வழியாகத்தான் அத்தனை நாளும் வந்துகொண்டிருந்தது. ஹப்பில் வலையின் வரைபடத்தை ஒருநாளாவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்கு மோட்டார் ஓட ஆரம்பித்தது. அம்மா படுக்கப் போகும்போது வழக்கம்போல மாடிப்படி சுவிட்சை அணைத்தார். தொட்டி நிறைந்தது, மிதவை எழும்பியது, சென்சார் விழித்துச் சொன்னது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. வழிந்த தண்ணீர் கொல்லைப்புறக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் போனது. சம்ப் காலியான பிறகும் மோட்டார் வெறுமனே ஓடியிருக்கிறது. காலையில் பின்கதவைத் திறந்ததும் காயில் கருகிய வாடை. காயில் கட்ட 3,200 ரூபாய், லாரித் தண்ணீர் தனி, இரண்டு நாள் குடத்தில் சுமந்தது தனி.

"லைட் வீணா எரியுதேன்னு அணைச்சேன், அதுல என்னப்பா தப்பு?" என்றார் அம்மா. ஒரு தப்பும் இல்லை. சுவிட்ச் இருப்பது அணைக்கத்தான். வீட்டில் இருப்பவர்கள் தொடக்கூடாத சுவிட்ச் என்று ஒன்றை அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது என் தவறு. இன்னும் நாலு பல்பு போட்டால் வலை பெரிதாகும் என்று சொல்லி விற்பவர்கள், சுவிட்சை அணைத்தால் வலை அறுந்துபோகும் என்பதை மட்டும் சொல்வதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? பல்பை சாதாரணமாகவே விட்டுவிட்டு சுவிட்ச் போர்டுக்குள் ஜிக்பீ மாட்யூல் (சுவிட்சுக்குப் பின்னால் உட்கார்ந்து விளக்கை இயக்கும் சின்னப் பெட்டி) வையுங்கள். அதற்கு போர்டில் நியூட்ரல் ஒயர் வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாட்யூல்கள் பொதுவாக ரூட்டராக வேலை செய்யாது. ஒயரிங் நடக்கும்போதே எலக்ட்ரீஷியனிடம் எல்லா போர்டுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லிவிடுங்கள். நியூட்ரலுக்கு வழியில்லை என்றால், யார் கையும் படாத பரண் பக்கத்து சாக்கெட்டில் ஒரு ஜிக்பீ பிளக்கைச் செருகி அப்படியே விடுங்கள். பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பின்னால் வேண்டாம், தகரம் சிக்னலை மறைக்கும். சென்சாரை ஹப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துவிட்டு மாடிக்குத் தூக்கிப் போகாதீர்கள். அது இருக்கப்போகும் இடத்திலேயே, அந்த பிளக் வழியாகச் சேருங்கள்.

மோட்டாருக்கு இன்னொன்றும் உண்டு. எங்கள் தொட்டி 22 நிமிடத்தில் நிறையும். இப்போது 30 நிமிடம் ஆனால் சென்சார் என்ன சொன்னாலும் மோட்டார் நின்றுவிடும். அந்தக் கணக்கு ஹப்பில் இல்லை, மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலேயிலேயே இருக்கிறது. ஹப் தொங்கிப்போனாலும் மோட்டார் நிற்கும். ரிலே மோட்டாரை நேராக இயக்குவதும் இல்லை, நடுவில் பெரிய கரண்டைத் தாங்கும் கான்டாக்டர் சுவிட்ச். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. சின்ன ரிலே ஒட்டிக்கொண்டால் எந்த ஆப்பாலும் அணைக்க முடியாது.

டாங்கிளை யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகுவது

ஹப்பாக ஓடும் கணினியில் ஜிக்பீக்காகச் செருகும் குச்சிதான் டாங்கிள். யூஎஸ்பி 3.0 துளையும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும், ஜிக்பீ ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து எழுதிவிட்டது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளைத் தள்ளி வையுங்கள். தம்பி வீட்டில் இதை மட்டும் செய்ததுமே ஆறில் நான்கு திரும்பி வந்தன.

சேனலைக் கவனிக்காமல் ஆரம்பிப்பது

வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. அந்த அலைவரிசையில் ஒதுக்கிய ஒவ்வொரு துண்டும் ஒரு சேனல். வைஃபை 1, 6, 11 என்ற மூன்று சேனல்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் கிடைக்கும் சந்துதான் ஜிக்பீயின் 15, 20, 25, 26. இதில் 26-ல் சில சாதனங்கள் சேராது. வைஃபை ரூட்டரை ஆட்டோவில் விடாமல் 1-ல் நிறுத்திவிட்டு, ஜிக்பீயை 20 அல்லது 25-ல் வையுங்கள். முதல் சாதனத்தைச் சேர்க்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பிறகு மாற்றினால் பலவற்றை ஸ்டூல் போட்டு ஏறித்தான் மறுபடி சேர்க்க வேண்டிவரும்.

வைஃபை பெயரை மாற்றுவது

மாற்றாதீர்கள். மாற்றினால் வைஃபை சாதனங்களை மறுபடி சேர்க்க வேண்டிவரும். புது ரூட்டர் வந்தாலும் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு.

கரண்ட் விட்டு விட்டு வரும் ஊரில் பல்பை அப்படியே விடுவது

ஐந்தாறு தடவை அணைத்துப் போட்டால் ரீசெட் ஆகும்படி பல பல்புகளைச் செய்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் கரண்ட் அதையே செய்துவிடும். காலையில் பல்பு யாரோடும் சேராமல் மினுக்கிக்கொண்டிருக்கும். இந்த ரீசெட்டை அணைக்க செட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்படியும் வையுங்கள், இல்லையென்றால் நடுராத்திரி வீடு முழுக்க விளக்கு எரியும். ஹப்பும் வைஃபை ரூட்டரும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

கேமராவுக்கு வைஃபை ரூட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறப்பது

2016-ல் மிராய் என்ற நிரல், கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துப் பெரிய பெரிய தளங்களை முடக்கியது. போர்ட் திறந்தால் இப்படிப்பட்டவை உங்கள் கேமராவின் கதவையும் தட்டும். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் (வீட்டு வலைக்குள் வரும் பூட்டிய தனி வழி) போடுங்கள்.

பேக்கப்

ஹப்பின் செட்டிங்கெல்லாம் இருக்கும் மெமரி கார்டு செத்த பிறகு நகல் எடுக்க முடியாது. இன்றே, வேறு கணினியில்.