மாணிக்கக் குழி: இறங்குமுன் நடக்கும் தவறுகள்

இலங்கையில் இரத்தினபுரி, பெல்மதுளை, எஹலியகொட பக்கம் மாணிக்கக் கல்லுக்குக் குழி வெட்டுகிறவர்கள் மண் சரிவுக்குப் பயப்படுவார்கள். பயப்படவும் வேண்டும். ஆனால் சத்தமில்லாமல் ஆளை விழுத்துவது காற்று. அதில் முதல் தவறு, தண்ணீர் இறைக்கும் எஞ்சின் பம்பியைக் குழிக்குள் இறக்குவது.

இறக்குவதற்குக் காரணம் உண்டு. மேலே வைத்த பம்பி ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. அது காற்றழுத்தம் போட்ட எல்லை. குதிரைவலுவைக் கூட்டினாலும் மாறாது. கல் கிடக்கும் சரளைப் படையான ‘இல்லம்’ அதற்கும் கீழே இருந்தால், பாதியில் பலகை அடித்து எஞ்சினை அங்கே இருத்திவிடுகிறார்கள். புகைக்குழாயை மேலே நீட்டினாலும் மூட்டுகளில் கசியும். அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு (கார்பன் மோனாக்சைடு) மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, கால் தளர்வு என்று தெரியவரும்போது ஏணி ஏறப் பலம் இருக்காது. எஞ்சினை நிறுத்திய கையோடு இறங்கினாலும் அதே ஆபத்துதான். புகை உள்ளேயே நிற்கும். ஆழக் குழிக்கு நீரில் அமிழும் மின்சாரப் பம்பியே சரி. அதற்கு 30 மில்லியம்பியரில் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஒட்டுப்போட்ட வயரைத் தண்ணீருக்குள் விடவே கூடாது.

மெழுகுதிரி அணையாவிட்டால் காற்று நல்லது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். அது சுமார் 16க்கு இறங்கினால்தான் சுடர் அணையும், 19.5க்குக் கீழேயே ஆள் இறங்கக் கூடாது. காபனோரொட்சைட்டை மெழுகுதிரி காட்டவே காட்டாது. வாயுக்களை அளக்கும் கருவியான வாயுமானியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். வெளிக்காற்றை உள்ளே தள்ளும் காற்றூதியின் குழாய், குழியடியிலிருந்து பக்கவாட்டில் வெட்டும் சுரங்கத்தின் முனைவரை போகவேண்டும். ஊதி காற்றை இழுக்கும் வாய்க்கு அருகில் எந்த எஞ்சினும் ஓடக் கூடாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஊதியை வைத்து, புகையைத் தாங்களே உள்ளே அனுப்புகிறார்கள்.

உள்ளே ஒருவர் மயங்கினால் மற்றவர் குதிக்கிறார், அவரைத் தூக்க இன்னொருவர். இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று சாவு விழுகிறது. இறங்குபவர் இடுப்பு, தோள் வார்ப்பட்டியோடு கயிற்றில் இருந்தால் மேலிருந்தே தூக்கலாம். ஊதியை ஓடவிட்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

இனி மண். ஒரு கன மீற்றர் ஈர மண் 2 தொன் அளவுக்குக் கனக்கும். வெட்டிய மண்ணைக் குழி வாயிலேயே குவித்தால் அந்தப் பாரம் முழுதும் சுவரில் இறங்கும். குறைந்தது 2 மீற்றர் தள்ளிக் கொட்டுங்கள். 1 மீற்றர் வெட்டியதும் மரச்சட்டம் போட்டு, பின்னால் கெக்கில்ல என்ற காட்டுப் பன்னச் செடியை இறுக்கி அடைக்கவேண்டும். பன்னம் தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும். இடைவெளி விட்டால் மண் கரைந்து வந்து சட்டம் தளரும். இறப்பர் மரம் மலிவு, ஆனால் சீக்கிரம் உக்கிவிடும். கத்தி முனையால் குத்திப் பாருங்கள். இரவு மழையில் நிறைந்த குழியைக் காலையில் ஒரேயடியாக இறைத்துவிட்டு இறங்குவதும் பிழை. சுவரைத் தாங்கி நின்றதே அந்தத் தண்ணீர்தான். மெல்ல இறைத்து, சட்டங்களைப் பார்த்தபிறகே இறங்குங்கள்.

எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் பனடோலோடு காத்திருக்கக் கூடாது.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரவில் வெட்டுவது, 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். பிடிபடுவோம் என்ற பயத்தில் விபத்தையே மறைக்கிறார்கள், அதுதான் மோசம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். மண் தோண்டும் இயந்திரமான பெக்கோவை இறக்குவதற்கு முன் அதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். குழியை மூடுவதற்காகக் கட்டிய வைப்புப் பணம், மூடினால்தான் திரும்பும். மேல்மண்ணை முதல் நாளே வேறாகக் குவித்து வையுங்கள். சரளையும் களியும் அடியில் போய், மேல்மண் கடைசியாக மேலே வந்தால்தான் அந்த நிலத்தில் மறுபடி ஏதாவது முளைக்கும்.